ஆளரவமற்ற சாலைகள்: ஜெர்ஸில் சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தென்மேற்கு பிரான்சில், துலூஸ் நகரத்துக்கு மேற்கே, பழைய கஸ்கோனி நாட்டின் நடுவில் இருக்கிறது ஜெர்ஸ் மாவட்டம். அங்கே சைக்கிளில் சுற்றப் போவதாகச் சொல்லும் நண்பர்கள் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இதுவரை தனித்தனியாக எழுதிவந்த பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஆல்ப்ஸும் பிரனீஸும் இருக்க, ஜெர்ஸுக்கு ஏன் போக வேண்டும்?

அங்கே சாலையில் யாரும் இல்லை. அதற்காகத்தான்.

பெயர்பெற்ற மலைக் கணவாய்களுக்குக் கோடையில் போனால் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் நம்மை உரசிக்கொண்டு ஏறும். ஜெர்ஸில் அப்படிப் பெயர்பெற்ற கணவாய் ஒன்றுகூடக் கிடையாது. சுமார் 6,250 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,90,000 பேர் வாழ்கிறார்கள். சதுர கிலோமீட்டருக்கு 30 பேர். இது பிரான்சின் சராசரியில் கால்வாசி. தலைநகரான ஓஷிலேயே இருபதாயிரத்துச் சொச்சம் பேர்தான். 1840களில் இதே மாவட்டத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். ஆட்கள் குறைந்தார்கள், சாலைகள் குறையவில்லை. இங்கே சுமார் 460 கம்யூன்கள் இருக்கின்றன. நம் ஊராட்சி போன்ற இந்த அமைப்பு ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் ஓடும் சிறு சாலைகளைத் தானே பராமரிக்கிறது. குன்றின் உச்சியில் தனித்து நிற்கும் பண்ணைவீட்டுக்கும் தார்ச்சாலை உண்டு. அதில் தபால்காரரின் வேனும் விவசாயியின் டிராக்டரும் போகும். மீதி நேரம் அது உங்களுக்கு.

நான் முதன்முறை போனபோது என்னை நிறுத்தியது சத்தம்தான். லெக்தூர் ஊருக்குத் தெற்கே ஒரு மேட்டுச் சாலை. இருபுறமும் அறுப்புக்கு நின்ற கோதுமை. நான் மிதிப்பதை நிறுத்தினேன். செயினின் ஓசையும் நின்றது. அதன்பிறகு கதிர்கள் காற்றில் ஒன்றோடொன்று உராயும் சத்தம் கேட்டது. தார்ச்சாலையின் நடுவில் நின்றுகொண்டு கதிர் உராய்வதைக் கேட்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்று காலை இரண்டு மணி நேரத்தில் என்னைக் கடந்தவை மூன்று வண்டிகள்.

மலை இல்லை என்றால் ஓட்டுவது சுலபமா?

சுலபம் என்று நினைத்து வந்து இரண்டாம் நாளே தொடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். நிலத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால் இந்தத் துன்பத்தில் பாதி குறையும். இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இது என்று நினைக்கிறேன்.

ஒரு பனையோலை விசிறியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் காம்பு பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கும் லான்மெசான் மேட்டுநிலம். அங்கிருந்து ஆறுகள் ஓலை மடிப்புகளைப் போல வடக்கு நோக்கி விரிகின்றன: சாவ், ஜிமோன், ஜெர்ஸ், பாயிஸ், இன்னும் பல. இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு நீண்ட மேட்டுவரிசை. ஆகவே வடக்கு தெற்காகப் போனால், ஒன்று ஆற்றங்கரையில் சமமாகப் போவீர்கள், அல்லது மேட்டின் முதுகில் ஏறி அதன்மீதே போவீர்கள். கிழக்கு மேற்காகப் போனாலோ ஒவ்வொரு மடிப்பையும் கடக்க வேண்டும். ஒவ்வொரு ஏற்றமும் நூறு மீட்டர் உயரம்தான், சில இடங்களில் அதற்கும் குறைவு. ஆனால் ஒரு நாளில் எட்டு, பத்து என்று வந்துகொண்டே இருக்கும். எழுபது கிலோமீட்டர் குறுக்காகப் போனால் மொத்த ஏற்றம் ஆயிரம் மீட்டரை எட்டிவிடும்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பள்ளத்தாக்குகளின் இரண்டு சரிவுகளும் ஒரே மாதிரி இல்லை. மேற்குக் கரைச் சரிவு நீளமாகவும் சாய்வாகவும் இருக்கும். கிழக்குக் கரைச் சரிவு குட்டையாகவும் செங்குத்தாகவும் இருக்கும். கிழக்கிலிருந்து மேற்கே போகிறவர் செங்குத்தில் இறங்கிச் சாய்வில் ஏறுவார். எதிர்த்திசையில் வருகிறவருக்கு நேர்மாறு. முழங்கால் வலி உள்ளவர்கள் மேற்கு நோக்கிப் போகும்படி திட்டமிடலாம். ஆனால் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வீசுகிறது, அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நான் காலையில் காற்று எழுவதற்குள் மேற்கே போய்விட்டு, மாலையில் மேட்டு முதுகு வழியாகத் திரும்புவேன்.

மேட்டு முதுகில் போவதற்கு வேறொரு பயனும் இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் தெற்கே பிரனீஸ் மலைத்தொடர் முழுவதும் தெரியும். வசந்தகாலத்தில் பனி மூடிய அந்த வரிசை நாள் முழுக்க உங்கள் பக்கவாட்டில் கூடவே வரும்.

ஆளில்லாத சாலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

காகித வரைபடம் வாங்குங்கள். மிஷ்லான் நிறுவனத்தின் வட்டார வரைபடத்தில் பெரிய சாலைகள் சிவப்பு, அடுத்தவை மஞ்சள், மீதி எல்லாம் வெள்ளை. நமக்கு வேண்டியது வெள்ளை. மஞ்சளையும் முடிந்தவரை தவிர்க்கலாம். சாலையின் ஓரமாகப் பச்சைக்கோடு ஓடினால் காட்சி அழகாக இருக்கும் என்று பொருள். சாலையின் குறுக்கே அம்புமுனைக் குறி இருந்தால் ஏற்றம்: ஒரு முனை 5 முதல் 9 சதவீதம், இரண்டு முனை 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். முனை காட்டும் திசையில்தான் சாலை ஏறுகிறது.

வழியில் பெயர்ப்பலகைகளும் உதவும். ‘என்’ (N) என்ற எழுத்தும் எண்ணும் சிவப்புப் பட்டையில் இருந்தால் தேசியச் சாலை, விலகிப் போங்கள். ‘டி’ மஞ்சள் பட்டையில் இருந்தால் மாவட்டச் சாலை. பெரும்பாலும் எண் பெரிதாகப் பெரிதாகச் சாலை சிறிதாகும். ‘சி’ என்று வெள்ளைப் பட்டை கண்டால் அது கம்யூனின் சாலை, மனநிறைவோடு அதில் திரும்புங்கள். சாலையோர கிலோமீட்டர் கற்களின் தலையும் இதே கணக்கில்தான் சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருக்கும்.

இந்த மாவட்டத்தில் நான் கண்டிப்பாக விலக்கச் சொல்வது இரண்டு: ஓஷிலிருந்து லெக்தூர் வழியாக அஜான் நகரத்துக்கு ஓடும் என் 21, துலூஸிலிருந்து ஓஷுக்கு வரும் என் 124. லாரிகள் இவற்றில்தான் ஓடுகின்றன. அவை இவற்றில் ஓடுவதால்தான் பக்கத்துச் சாலைகள் காலியாக இருக்கின்றன.

கைப்பேசியில் வழி பார்த்தால் போதாதா?

கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். வழிகாட்டிச் செயலிகளுக்குத் தார்ச்சாலைக்கும் உழவுப் பாதைக்கும் வேறுபாடு சரியாகத் தெரிவதில்லை. ஒருமுறை அப்படி ஒரு பாதையில் இறங்கினேன். இங்கத்திய மண் களிமண். முதல்நாள் மழை பெய்திருந்தது. இருநூறு மீட்டருக்குள் சக்கரம் பிரேக்கோடு ஒட்டிக்கொண்டு சுற்றவே மறுத்தது. சைக்கிளைத் தோளில் சுமந்து வெளியே வந்தேன். தவிர, பள்ளத்தாக்குகளில் சிக்னல் விட்டுப்போகும். வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சாலை விதிகளில் எதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்?

வலப்பக்க முன்னுரிமை. பிரான்சில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. அது இரண்டு மணி நேரத்தில் பழகிவிடும். பழகாதது இதுதான்: சந்திப்பில் பலகையோ கோடோ இல்லை என்றால், வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். நீங்கள் வருவது அகலமான சாலையாக இருக்கலாம், அவர் வருவது சந்தாக இருக்கலாம், முன்னுரிமை அவருக்குத்தான். ஊருக்குள் உள்ளூர்க்காரர்கள் அந்த உரிமையோடு திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். மஞ்சள் வைரவடிவப் பலகையைக் கண்டால் நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள். அதே பலகையின் குறுக்கே கறுப்புக்கோடு போட்டிருந்தால் அந்த உரிமை அங்கே முடிந்துவிட்டது. பிரேக்கில் விரல் வையுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே உங்களைக் கடக்கும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும், ஊருக்குள் ஒரு மீட்டர். அதற்காக, எதிரே பார்வை தெளிவாக இருந்தால், நடுவிலுள்ள தொடர்கோட்டைத் தாண்டவும் 2015 முதல் ஓட்டுநருக்கு அனுமதி இருக்கிறது. ஜெர்ஸ்காரர்கள் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக்கே முழுமையாக விலகிப் போவார்கள். இருவர் பக்கம் பக்கமாக ஓட்டலாம். பின்னால் வரும் வண்டி கடக்க விரும்பினால் ஒருவர் பின் ஒருவராகிவிட வேண்டும். காதில் இயர்போன் கூடாது, அபராதம் உண்டு. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 2017 முதல் ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்களுக்குச் சட்டம் வற்புறுத்தவில்லை, நான் வற்புறுத்துகிறேன். இருட்டிலும் மூடுபனியிலும் ஊருக்கு வெளியே ஒளிரும் மேலங்கி அணிந்தே தீர வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். சூரியகாந்தியைப் பார்க்க வேண்டும் என்றால் ஜூலை நடுவில் போங்கள். ஒரு மேடு ஏறி நின்றால் அடுத்த மூன்று மேடுகளும் மஞ்சளாக இருக்கும். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் பல. நமக்குப் பழகிய வெயில்தானே என்று நினைக்காதீர்கள். மேட்டுச் சாலையில் மரநிழல் இல்லை, இரவு பத்து மணிக்குத்தான் இருட்டும். விடியற்காலையில் புறப்பட்டு மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

கோடையில் சாலைத்துறை இங்கே பழைய தாரின்மேல் புதிதாகத் தார் தெளித்துப் பொடிக்கல் தூவும். ‘கிராவியோன்’ என்ற பலகையைக் கண்டால் இறக்கத்தில் வேகத்தைக் குறையுங்கள். செப்டம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி இறுதி வரை வேட்டைக்காலம், அதிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டோரம் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். அந்த மாதங்களில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டை அணியுங்கள். தென்கிழக்கிலிருந்து வீசும் ஓத்தான் என்ற காற்று எழுந்தால் இரண்டு மூன்று நாட்கள் விடாது. அன்றைக்கு அந்தத் திசையில் திட்டம் போட வேண்டாம்.

தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்வது?

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். படிக்கும்போது சங்கடமாக இருக்கலாம். ஆனால் பிரான்சின் கிராமச் சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி இது. கடையே இல்லாத ஊரிலும் கோவிலும் அதன் அருகில் கல்லறைத் தோட்டமும் இருக்கும். பூச்செடிகளுக்கு ஊற்ற அதன் வாசலருகே ஒரு குழாய் இருக்கும். ‘நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் அது குடிக்கும் தண்ணீர் இல்லை. அந்தக் குழாயை விட்டுவிடுங்கள். உள்ளே போகும்போது தொப்பியைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு போங்கள். அங்கே பூ வைக்க வந்திருக்கும் மூதாட்டி நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார். எனக்கு இந்த ஊர்களில் கிடைத்த நல்ல உரையாடல்களில் பாதி அந்தக் குழாயடியில் கிடைத்தவை.

சாப்பாட்டுக்கு நேரம்தான் எல்லாம். பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைகள் மூடும். இரண்டு மணிக்கோ அதற்குப் பிறகோ திறக்கும். உணவகத்தில் மதியச் சாப்பாடு வேண்டும் என்றால் ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். பல ரொட்டிக்கடைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு பிற்பகலில் எதுவும் கிடைக்காது. காலையிலேயே ஒரு நீள ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு முதல் இரண்டு வரை நாடே சாப்பிட உட்கார்ந்திருக்கும். சாலைகள் மிகவும் காலியாக இருப்பது அந்த இரண்டு மணி நேரம்தான். ரொட்டி கையில் இருப்பவருக்கு அது பொன்னான நேரம்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. இது வாத்து வளர்க்கும் நாடு. உணவகப் பட்டியலில் முதல் வரி முதல் கடைசி வரி வரை வாத்து இருக்கும். காய்கறி சாலட் என்று நினைத்து வாங்கினாலும் அதில் வாத்து ஈரல் இருக்கும். கேட்காமல் எதையும் வாங்க வேண்டாம். சந்தைகளுக்குப் போங்கள்: கோந்தோமில் புதன், எயோஸில் வியாழன், லெக்தூரில் வெள்ளி. லெக்தூர் பக்கத்து முலாம்பழத்துக்கு நல்ல பெயர் உண்டு. வெயிலில் மிதித்துவிட்டு வந்து மரநிழலில் உட்கார்ந்து அதைக் கத்தியால் கீறிச் சாப்பிட்டவர்களுக்கு வேறு எதுவும் தேவைப்படாது. கடைக்குள் நுழைந்ததும் முதலில் ‘போன்ஜூர்’ சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் கேள்வியில் தொடங்குவதை அவர்கள் அவமரியாதையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எந்த மாதிரி சைக்கிள் வேண்டும்?

ஏற்றத்துக்குத் தாழ்ந்த கியர் இருக்கும் எந்தச் சைக்கிளும் போதும். பின்சக்கரப் பல்வட்டுகளில் மிகப் பெரியது 32 பல்லோ அதற்கு மேலோ இருக்கட்டும். டயர் 28 முதல் 32 மில்லிமீட்டர் அகலம். பொடிக்கல் சாலைகளில் ஒல்லியான டயர் கையையும் முதுகையும் குலுக்கி எடுத்துவிடும்.

தாழ்ந்த கியர் வைத்துக்கொள்வதைக் குறைவாக நினைப்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும். செந்தெத்தியேன் நகரத்தைச் சேர்ந்த போல் த விவி, வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர், பல கியர்கள் கொண்ட சைக்கிளுக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடினார். 1930இல் அவர் இறந்தார். டூர் த பிரான்ஸ் பந்தயம் கியர் மாற்றும் கருவியை அனுமதித்தது 1937இல்தான். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி என்று சைக்கிள் பயணிகளுக்கு எழுதிவைத்தவரும் அவர்தான். ஜெர்ஸின் எட்டாவது மேட்டில் அவரை நன்றியோடு நினைப்பீர்கள்.

ரயிலில் சைக்கிளைக் கொண்டுபோக முடியுமா?

முடியும். துலூஸிலிருந்து ஓஷுக்கு டெஆர் என்ற வட்டார ரயில் ஓடுகிறது, பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். சைக்கிளை அப்படியே ஏற்றலாம், இடம்தான் குறைவு. பாரிஸிலிருந்து வருபவர்கள் டெஜெவே அதிவேக ரயிலில் அஜானுக்கோ துலூஸுக்கோ வரலாம். சைக்கிளுக்கு முன்பதிவு செய்தோ, கழற்றிப் பையில் போட்டோ கொண்டுவர வேண்டும்.

கால்வாயோரச் சைக்கிள் பாதைகள் இன்னும் பாதுகாப்பானவை அல்லவா?

சிறுவர்களோடு போகிறவர்களுக்கு ஆம். துலூஸிலிருந்து அஜான் பக்கமாக கரோன் கால்வாயை ஒட்டித் தார் போட்ட வழி போகிறது. கார் கிடையாது, ஏற்றமும் கிடையாது. ஒரு நாள் அருமையாக இருக்கும். இரண்டாம் நாள் அதே பிளாட்டான் மரங்கள், அதே தண்ணீர். மேடேறி அடுத்த பள்ளத்தாக்கு திறப்பதைப் பார்க்கும் மகிழ்ச்சி அங்கே கிடைக்காது.

நான் பிஆர்எம் என்ற நேரவரம்புள்ள நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களை ஓட்டுகிறவன். எனக்கு இது மிகவும் மெதுவாக இருக்காதா?

சென்னையிலும் கோவையிலும் இருநூறு, முந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் பிஆர்எம் முடித்துவிட்டு, 1,200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்தைக் கனவு காண்பவர்கள் நிறைய. 1891இல் பந்தயமாகத் தொடங்கிய அது இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொள்ளும் கால வரம்பு 90 மணி நேரம். அதன் வழியில் வரும் கிராமச் சாலைகள் பலவற்றை ஓட்டுகிறவர்கள் இருட்டில்தான் கடக்கிறார்கள். அந்த உழைப்பின்மீது எனக்கு மதிப்பு உண்டு. அதை முடித்த கையோடு ஒரு வாரம் ஒதுக்கி ஜெர்ஸுக்கு வாருங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீட்டர் போதும்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

தனியாக வாரக்கணக்கில் சுற்றிய பெண்கள் எனக்குத் தெரிந்து சிலர் இருக்கிறார்கள், மறுபடியும் போனார்கள். அவர்களும் நானும் சந்தித்த ஒரே தொல்லை பண்ணை நாய்கள்தான். நின்று, சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். விபத்து என்றால் 112 எண்ணை அழையுங்கள். எந்தக் கம்யூனில் இருக்கிறீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். ஊர் எல்லைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போகும் பழக்கம் அதற்கு உதவும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே ஓட்டுவது?

கோந்தோமில் தொடங்குங்கள். மேற்கே லாரெசாங்கில்: ஒரு பண்ணைமுற்றம் அளவே உள்ள ஊர், சுற்றிலும் கோட்டை மதில். அங்கிருந்து மோன்ரெயால், 13ஆம் நூற்றாண்டில் திட்டமிட்டுக் கட்டிய ஊர். அருகில் செவியாக் என்ற இடத்தில் ரோமானியர் கால மாளிகையின் மொசைக் தரைகள் இருக்கின்றன. பிறகு வடக்கே ஃபூர்செஸ். மற்ற பழைய ஊர்களின் சந்தைச் சதுக்கம் சதுரமாக இருக்கும், இதன் சதுக்கம் மட்டும் வட்டம். நடுவில் மரநிழல் இருக்கிறது. மதிய ரொட்டிக்கு அதுதான் இடம். அங்கிருந்து வெள்ளைச் சாலைகளில் கோந்தோம் திரும்பினால் மொத்தம் 40 கிலோமீட்டருக்குள் முடியும்.

இரண்டாவது நாள் கிடைத்தால்?

மேற்கே போங்கள். எயோஸைத் தாண்டினால் அர்மன்யாக் திராட்சைத் தோட்டங்கள். மாவட்ட எல்லையைக் கடந்து லான்து மாவட்டத்துக்குள் சற்றுப் போனால் லபஸ்தித்-தர்மன்யாக் என்ற ஊர். அதற்கு வெளியே, மரங்களுக்கு நடுவில், ஒரு சிறிய பழைய கோவில். பாழடைந்து கிடந்த அதை ழோசெஃப் மாசி என்ற பாதிரியார் 1959இல் சைக்கிள்காரர்களின் மாதாவுக்கு உரிய இடமாக்கினார். உள்ளே சுவர்களிலும் கூரையோரத்திலும் சைக்கிள் வீரர்கள் காணிக்கையாகக் கொடுத்த சட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. 1973இல் டூர் த பிரான்ஸ் வென்ற லூயிஸ் ஒகான்யாவின் திருமணம் நடந்ததும் இங்கேதான்.

நான் போன பிற்பகலில் உள்ளே யாரும் இல்லை. சைக்கிளை வாசல் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். புகழ்பெற்றவர்களின் சட்டைகளுக்கு நடுவே, பெயரே தெரியாத கிராமத்துச் சைக்கிள் சங்கங்களின் வெளுத்துப்போன சட்டைகளும் அதே மரியாதையோடு தொங்கிக்கொண்டிருந்தன.